ஸ்பிட்ஃபயர் 1500: கிளட்சை விட்டால் ‘டக்’, மெல்ல உருண்டால் ‘கீச்’. டிஃபரன்ஷியலா, கிராஸா?

தாமிரபரணி_78 | மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1978-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 இருக்கிறது. 1493 சி.சி. எஞ்சின், நான்கு கியர், ஜே வகை ஓவர்டிரைவ். நான் இருப்பது கவென்ட்ரியில். இந்த வண்டி பிறந்த கேன்லி தொழிற்சாலை இருந்த இடத்துக்கு என் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அதனாலோ என்னவோ, இதை வேறு ஊருக்கு விற்க மனம் வரவில்லை.

இரண்டு மாதமாக இரண்டு ஓசைகள் கேட்கின்றன. முதல் கியரில் கிளட்சை விடும்போதும், ஓடிக்கொண்டிருக்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதும், இருக்கைக்குப் பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு அடி. ரிவர்ஸில் அது இன்னும் பலமாக விழுகிறது. அடுத்தது, நடை வேகத்தில் உருளும்போது குருவி கத்துவதுபோல ‘கீச் கீச்’. வேகம் எடுத்தால் இந்தக் கீச்சு மறைந்துவிடுகிறது.

இங்குள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, “டிஃபரன்ஷியல் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்” என்றார்கள். (சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி அது.) சொன்ன தொகை எனக்கு இரண்டு மாத வீட்டு வாடகை. அதைக் கொடுப்பதற்குமுன் நானே பார்த்துவிட நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய_ஸ்பேனர் | மார்ச் 2

தம்பி, நான் சென்னையில் இருக்கிறேன். ஸ்பிட்ஃபயரை ஓட்டியதில்லை. ஆனால் அதன் பின்பக்கம் எனக்கு நன்றாகவே தெரியும். பிரிட்டனில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அதே ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் கொண்டுவந்தது. 1970-களில் நான் தொழில் கற்றது அந்த வண்டிகளுக்குக் கீழே படுத்துத்தான். பக்கத்துக்கு ஓர் ஆக்சில் ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் ஒரு கிராஸ் (யூனிவர்சல் ஜாயிண்டின் நடுவில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு), குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். பிறகு அதே நிறுவனத்திலிருந்து வந்த கேஸல் வண்டியில் நேர் ஆக்சில் போட்டுவிட்டார்கள். பக்கவாட்டுக் கிராஸ் வேலை அதோடு எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

உங்கள் வண்டியில் மொத்தம் நான்கு யூனிவர்சல் ஜாயிண்டுகள், அதாவது மடங்கியபடியே சுழலும் மூட்டுகள். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்னும் பின்னும் ஒவ்வொன்று. ஆக்சில் ஷாஃப்டுகள் டிஃபரன்ஷியலோடு சேரும் இடத்தில் இடம் ஒன்று, வலம் ஒன்று. ‘டக்’ என்பது இந்த நான்கில் எதிலிருந்தும் வரலாம். ஷாஃப்டின் முனையில் இருக்கும் இணைப்புத் தகடான ஃபிளாஞ்சின் போல்ட் தளர்ந்தாலும், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் நைந்தாலும், கியர்பாக்ஸ் மவுண்ட் கிழிந்தாலும், ரேடியஸ் ஆர்ம் புஷ் தேய்ந்தாலும் அதே ‘டக்’தான். கம்பிச் சக்கரம் போட்ட வண்டியென்றால் ஹப்பின் பற்களையும் சந்தேகிக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தே இத்தனையிலிருந்து ஒன்றைப் பொறுக்கிச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். கையை வைத்துப் பாருங்கள்.

முதலில் பாதுகாப்பு. பின்சக்கரங்களைத் தூக்கிய வண்டியைக் கைபிரேக்கும் பிடிக்காது, கியரும் பிடிக்காது. இரண்டுமே பின்சக்கரத்தில்தான் வேலை செய்கின்றன. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சட்டத்துக்கடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். நான் கற்ற பட்டறையில் ஒருவருக்கு அப்படித்தான் தோள்பட்டை போயிற்று.

பிறகு கைபிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகுங்கள். திருகும்போது மறுகையின் கட்டைவிரலை ஜாயிண்டின் இரண்டு கவைகளும் (கிராஸைப் பிடிக்கும் இரட்டைக் காது முனைகள்) சந்திக்கிற இடத்தில் குறுக்கே வையுங்கள். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த ஜாயிண்டில் ஆட்டம் இல்லை. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தி அசைந்தால் விரலுக்கு உடனே தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தையும் விரல் சொல்லிவிடும். நான்கையும் இப்படிப் பாருங்கள்.

இன்னொன்று. சக்கரம் தொங்கும்போது ஆக்சில் ஷாஃப்ட் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். அந்தக் கோணத்தில் பார்த்தது கணக்கில் சேராது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்புக்குக் கீழே இன்னொரு ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கிற உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கணக்கு_வாத்தியார் | மார்ச் 3

பெரியவர் ‘டக்’குக்கு வழி சொல்லிவிட்டார். நான் ‘கீச்’சுக்கு வருகிறேன். நடை வேகத்தில் கேட்டு வேகத்தில் மறையும் கீச்சு பெரும்பாலும், கிராஸின் கால்முனைக் கிண்ணங்களுக்குள் இருக்கும் கிரீஸ் வற்றிய ஊசி பேரிங்குகளின் குரல். எந்த ஷாஃப்டில் என்பதை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம்.

பிரிட்டனில் விற்ற 1500-இன் டிஃபரன்ஷியல் விகிதம் 3.63. சக்கரம் ஒரு முறை சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்றரைக்கு மேல் சுற்றுகிறது. ஆக்சில் ஷாஃப்டோ சக்கரத்தோடு ஒன்றுக்கு ஒன்று. மணிக்கு 60 மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று, புரொப்பல்லர் ஷாஃப்ட் 3,300 சுற்று அளவுக்குப் போகும். அந்த வேகத்தில் எதையும் எண்ண முடியாது, உருட்டினால் எண்ணலாம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு கீச்சு என்றால் ஆக்சில் பக்கம். மூன்று, நான்கு என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்.

தாமிரபரணி_78 | மார்ச் 7

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மழை விட்டதும் வேலையில் இறங்கினேன்.

கட்டைவிரல் சோதனையில் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன் ஜாயிண்டில் ஆட்டமே இல்லை. பின் ஜாயிண்டில் மிக மெல்லிய ஆட்டம். இடம், வலம் ஆக்சில் ஜாயிண்டுகள் இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. டிஃபரன்ஷியலின் முன் ஃபிளாஞ்சைத் திருகினால் விளிம்பில் சுமார் 6 மில்லிமீட்டர் சும்மா போய்வருகிறது. ரப்பர் மவுண்டுகளைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன், கிழிசல் இல்லை. போல்ட் எதுவும் தளரவில்லை.

பிறகு இடப்பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றினேன். கீச்சு தெளிவாகக் கேட்டது. ஒரு சுற்றுக்கு இரண்டே முறை! அப்படியானால் இடப்பக்க ஆக்சில் ஜாயிண்ட்தானே?

கணக்கு_வாத்தியார் | மார்ச் 7

பொறுங்கள், எதையும் கழற்றிவிடாதீர்கள். தவறு என்னுடையது. நான் சொன்ன எண்ணிக்கை இரண்டு சக்கரமும் சேர்ந்து உருளும்போது மட்டுமே பொருந்தும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வலச்சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, இடச்சக்கரத்தை மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியல் அந்தச் சுற்றைப் பாதியாக்கித்தான் புரொப்பல்லர் ஷாஃப்டுக்குத் தரும். அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.63 அல்ல, ஏறக்குறைய 1.8 சுற்று. நீங்கள் எண்ணிய இரண்டு அதற்கும் பொருந்துகிறது. ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. வண்டியைத் தரையில் இறக்கி, சமதளத்தில் யாரையாவது தள்ளச் சொல்லி, இரண்டு முழுச் சுற்றுக்கு எண்ணுங்கள்.

தாமிரபரணி_78 | மார்ச் 8

என் மகள் தள்ள, நான் பின்சக்கரத்தோடு கூடவே நடந்து எண்ணினேன். இரண்டு சுற்றுக்கு ஏழு கீச்சு. மூன்று முறை எண்ணியும் ஏழேதான்.

பழைய_ஸ்பேனர் | மார்ச் 8

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுங்கள். கழற்றுமுன் இரண்டு பக்க ஃபிளாஞ்சுகளிலும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருந்த இடத்திலேயே திரும்பப் பூட்ட வேண்டும். நடுவில் பற்களில் நகரும் ஷாஃப்டாக இருந்தால் அந்தப் பற்களுக்கும் அடையாளம் வையுங்கள். பிரித்துப் போடும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் முன் கவையும் பின் கவையும் ஒரே தளத்தில் நிற்காது. புது கிராஸ் போட்டும் அதிர்கிறதே என்று எங்களிடம் வந்த வண்டிகளில் பலவற்றின் கதை அதுதான்.

மழைக்கால_ஓட்டுநர் | மார்ச் 9

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என்னிடம் 1986 போர்ஷே 944. எனக்கும் காலை எடுத்துக் காலை வைக்கும்போது பின்னால் ‘டிக்’ என்கிறது. இதே சோதனைகளை நானும் செய்யலாமா?

கணக்கு_வாத்தியார் | மார்ச் 9

உங்கள் வண்டியில் கியர்பாக்ஸே பின்னால் இருக்கிறது. நடுவில் கெட்டியான குழாய், அதற்குள் நேராக ஓடும் ஷாஃப்ட், கிராஸ் கிடையாது. சந்தேகிக்க வேண்டியது இரண்டு பக்க ஆக்சில்களின் சி.வி. ஜாயிண்டுகளை. அங்கே ஊசி பேரிங் இல்லை. ஆறு குண்டுகள் பள்ளங்களில் ஓடுகின்றன. முதலில் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் உள்ளே மண் போய்விட்டது என்று பொருள். உறை நன்றாக இருந்தால் ஜாயிண்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பாருங்கள். அவை தளர்ந்தாலே ‘டிக்’ வரும்; தளர்ந்தபடியே ஓட்டினால் அறுந்தும் போகும். தேய்மானம் குறைவென்றால் இட ஆக்சிலை வலத்துக்கும் வலத்ததை இடத்துக்கும் மாற்றிப் போடுவது பழைய வழி. குண்டுகள் பள்ளத்தின் தேயாத பக்கத்தில் அழுந்தி இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். விரிவாகப் பேசத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

தாமிரபரணி_78 | மார்ச் 14

ஷாஃப்ட் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

பின் ஜாயிண்டின் ஒரு கிண்ணத்தைச் சுற்றிச் செங்கல் பொடிபோலச் சிவப்புத் தூள். விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை, காய்ந்த துரு. ஜாயிண்டை ஒரு பக்கமாக மடக்கினால் வழுக்கிக்கொண்டு போகிறது. மற்றப் பக்கம் மடக்கினால் நேராக நிற்கும் இடத்தில் ‘டொக்’ என்று பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றுகொள்கிறது. கிண்ணத்தைத் தள்ளி எடுத்தபோது உள்ளே ஊசிகளே இல்லாததுபோல இருந்தது. பாதி ஊசிகள் பொடிந்து துருவோடு கலந்துவிட்டன. கிராஸின் அந்தக் காலில் வரிசையாகக் கோடுகள். நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டுகிறது. மற்ற மூன்று கால்களும் கண்ணாடிபோல மின்னுகின்றன. ஒரே ஒரு கிண்ணத்தின் சீல் விட்டதால் இத்தனையும்.

இதை வண்டியில் வைத்துத் திருகியபோது ஆட்டம் அவ்வளவு குறைவாகத் தெரிந்ததுதான் எனக்கு வியப்பு.

பழைய_ஸ்பேனர் | மார்ச் 14

துரு அடைத்துக்கொண்டிருந்தது தம்பி. துருவே ஆட்டத்தை மறைத்துவிடும். அதனால்தான் சந்தேகம் வந்த ஜாயிண்டைக் கழற்றிக் கையில் மடக்கிப் பார்க்காமல் நல்லது என்று சொல்வதில்லை.

புதியதைப் போடும்போது, கிண்ணம் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்கிளிப் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். வைஸில் ஒரு பக்கம் கிண்ணத்தைவிடச் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் கிண்ணம் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சாக்கெட் வைத்து நிதானமாக அழுத்துங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள். கிண்ணம் முழுதும் உள்ளே போகாமல் சர்க்கிளிப் உட்கார மறுத்தால், ஓர் ஊசி சாய்ந்து கிண்ணத்தின் அடியில் படுத்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை காரணம் அதுதான். பலம் கொடுத்தால் புது ஜாயிண்ட் அங்கேயே பாழ். வெளியே எடுத்து, கெட்டியான கிரீஸில் ஊசிகளை நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். எல்லாம் பூட்டியபின் ஜாயிண்ட் இறுக்கமாகத் தெரிந்தால் கவையின் காதுகளைச் செம்பு சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், இளகிவிடும்.

கவையின் துளையில் கிண்ணம் தளர்வாகச் சுழன்றால் மட்டும் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். துளையைச் சுற்றிப் புள்ளி குத்தி இறுக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுழலும் ஷாஃப்ட் அது. உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் சுழல்கிறது.

தாமிரபரணி_78 | மார்ச் 21

முன், பின் இரண்டு ஜாயிண்டுகளையும் மாற்றிவிட்டேன். ஊசி ஒன்று சாய்ந்தது. நீங்கள் எச்சரித்தது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். கீச்சு அடியோடு போய்விட்டது.

ஆனால் ‘டக்’ இருக்கிறது. பாதியாகக் குறைந்திருக்கிறது, போகவில்லை. பட்டறைக்காரர் சொன்ன டிஃபரன்ஷியல்தான் மிச்சமோ?

யாழ்_வீதி | மார்ச் 21

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. லண்டனில் 1973 டிரையம்ஃப் ஜி.டி.6 வைத்திருக்கிறேன், பின்பக்கம் உங்களுடைய அமைப்புத்தான். 1968-இல் வந்த ஜி.டி.6 மார்க் 2-இல் ரப்பர் இணைப்பு வைத்தார்கள், அது வேறு கதை.

தயவுசெய்து ஆக்சில் ஜாயிண்டுகளை நிச்சயப்படுத்தும் வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆக்சில் ஜாயிண்ட் விசையைக் கடத்துவதோடு சரி. அது போனால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. ஸ்பிட்ஃபயரில் அந்த ஷாஃப்ட்தான் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துகிறது. மேலே ஸ்பிரிங் பிடிக்கிறது, கீழே ஷாஃப்ட் பிடிக்கிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வருகிற தள்ளல் முழுவதும் அந்த ஒற்றைக் கிராஸில்தான் விழுகிறது. அது உடைந்தால் சக்கரம் சாய்ந்துவிடும். என் நண்பர் ஒருவருக்கு அது நடந்தது. நல்லவேளையாக வீட்டு வாசலில், வண்டியைத் திருப்பும்போது. அதே சாலையில் அரை மணி முன்பு இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு 50 மைலில் வந்திருந்தார்.

உங்கள் மார்ச் 7 பதிவைத் திரும்ப வாசித்தேன். ஆக்சில் ஜாயிண்டுகளைச் சோதித்தபோது சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தனவா?

தாமிரபரணி_78 | மார்ச் 21

ஆம், தொங்கிக்கொண்டிருந்தன. பெரியவர் தெளிவாகச் சொல்லியும் இரண்டாவது ஜாக்கி இல்லாததால் அப்படியே பார்த்தேன்.

கணக்கு_வாத்தியார் | மார்ச் 22

அது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். உங்கள் புரொப்பல்லர் கிராஸில் கோடுகளைக் கண்டீர்கள் அல்லவா? வண்டி ஓடும் கோணத்தில் ஊசிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் முன்னும் பின்னும் சிறிது அசைந்துகொண்டே இருப்பதால்தான் அவை விழுகின்றன. புரொப்பல்லர் ஷாஃப்டும் ஆக்சிலும் சாய்வு குறைந்தே ஓடுவதால் ஊசிகள் முழுதாக உருண்டு இடம் மாறுவதில்லை. சக்கரம் தொங்கினால் கோணம் மாறுகிறது. ஊசிகள் கோடுகளை விட்டு நகர்ந்து தேயாத உலோகத்தில் ஏறி நிற்கின்றன. தேய்ந்த ஜாயிண்ட் அப்போது புதியதுபோல இறுக்கமாகத் தெரியும். ஓடும் உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஊசிகள் மறுபடி பள்ளத்தில் இறங்கும்.

தாமிரபரணி_78 | மார்ச் 28

இரண்டாவது ஜாக்கி வாங்கினேன். இடப்பக்கச் செங்குத்து இணைப்புக்குக் கீழே வைத்து, ஷாஃப்ட் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகும் வரை உயர்த்தினேன். கைபிரேக்கை இழுத்துவிட்டு, கட்டைவிரலை வைத்துத் திருகினேன். ‘டக்’. இரண்டு மாதமாகக் கேட்ட அதே ஓசை, என் விரலுக்கடியில். ஜாக்கியைத் தளர்த்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டுத் திருகினேன், ஒன்றும் இல்லை. மறுபடி உயர்த்தினேன், ‘டக்’. ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

வலப்பக்கத்தில் இரண்டு உயரத்திலும் ஆட்டம் தெரியவில்லை.

பழைய_ஸ்பேனர் | மார்ச் 28

இப்போது கழற்றலாம். ஹப்பைத் தொடாதீர்கள். அது கூம்பில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை இழுக்கப் பெரிய புல்லரும் பெரிய பொறுமையும் வேண்டும், இந்த வேலைக்கு இரண்டும் தேவையில்லை. டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சின் நான்கு போல்ட், டாம்பரின் கீழ் போல்ட், ரேடியஸ் ஆர்ம், பிரேக் குழாய், கைபிரேக் கம்பி, கடைசியில் ஸ்பிரிங் கண்ணின் போல்ட். அத்தனையும் ஒரே துண்டாக மேசைக்கு வந்துவிடும். ஸ்பிரிங் கண்ணைக் கழற்றும்போது ஜாக்கி கட்டாயம் கீழே இருக்க வேண்டும். டாம்பர்தான் சக்கரம் கீழே போவதைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றியபின் ஜாக்கியை மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.

ஷாஃப்டையே மாற்ற நேர்ந்தால் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். 1973-இல் பின்சக்கரங்களின் இடைவெளியை அகலமாக்கியபோது ஷாஃப்டின் நீளமும் கூடியது. பழையது உங்கள் வண்டிக்குச் சேராது.

தாமிரபரணி_78 | ஏப்ரல் 5

முடிந்தது. இடப்பக்கக் கிராஸின் எதிரெதிர்க் கால்கள் இரண்டிலும் கோடுகள், புரொப்பல்லரில் கண்டதைவிட ஆழம். கவையின் துளைகள் நன்றாக இருந்தன, ஷாஃப்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கிரீஸ் அடிக்கும் நிப்பிள் வைத்த ஜாயிண்ட் வாங்குவதா, சீல் செய்ததா என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். நிப்பிளுக்காகக் கிராஸின் நடுவில் துளையிடுவது அதன் பலத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கு இருமுறை கிரீஸ் அடித்திருந்தால் இந்தத் துரு வந்தே இருக்காது. பக்கவாட்டுச் சுமை விழும் ஆக்சிலுக்குத் துளையில்லாத சீல் வகையும், புரொப்பல்லருக்கு நிப்பிள் வகையும் போட்டிருக்கிறேன்.

‘டக்’ போய்விட்டது. கிளட்சை விட்டால் டிஃபரன்ஷியலின் அந்த 6 மில்லிமீட்டர் மெல்லிய ‘க்ளிக்’ ஆகக் கேட்கிறது. எண்ணெயை வடித்துப் பார்த்தேன், உலோகத் துணுக்குகள் இல்லை. அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. எல்லா ஜாயிண்டுகளுக்கும் சேர்த்து ஆன செலவு, பட்டறை கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய_ஸ்பேனர் | ஏப்ரல் 5

மனம் நிறைந்தது தம்பி. நூறு மைல் ஓடியபின் எல்லா ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அந்தப் பழைய கிராஸை எறிந்துவிடாதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள். ஹெரால்டு கிராஸைக் கண்ணால் பார்த்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

யாழ்_வீதி | ஏப்ரல் 5

வலப்பக்கத்தையும் மாற்றிவிடுங்கள். அதற்கும் இடத்ததற்கும் ஒரே வயதுதான்.

தாமிரபரணி_78 | ஏப்ரல் 18

நூறு மைல் ஓடிவிட்டது. போல்ட்டுகளைப் பார்த்தேன். இடப்பக்க நான்கில் ஒன்று மட்டும் சிறிது ஏறியது, மற்றவை அசையவில்லை. ஐயா, பழைய கிராஸைத் துடைத்து வெயிலில் வைத்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் கோடுகள் நன்றாகத் தெரிகின்றன. வலப்பக்கத்துக்கான ஜாயிண்டும் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் கழற்றுகிறேன்.